அடைவும் அகரநிரலும்

ஒழுங்கு என்பது பொருள்களிடத்தே தானாகக் கிடப்பதன்று. பயன் கருதி மாந்தர் அமைப்பதாகும். இவ்வுண்மையைக் கணிப்பொறியும் நமக்கு உணர்த்துகின்றது.

நொய்யலாற்றங்கரையிலுள்ள திருப்பூரின் பின்னலாடை நிலையம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நூல், சாயம், தையல் பற்றிய குறிப்புகள் இந்நாளில் கணிப்பொறியில் கோப்புகளாக வைக்கப்படுகின்றன. பல கோப்புகளைத் தன்னுள் கொண்டது அடைவு எனப்படும். அதிலுள்ள பெயர்களைப் படித்து நிரல்பட வைப்பது எவ்வாறு?

அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் 1972ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய ‘சி’ மொழி இதற்குத் துணைசெய்யும். யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில், ‘ஓப்பன்டிர்’ என்னும் கட்டளை அடைவைத் திறக்கும்; ‘ரீட்டிர்’ அழைக்குந்தோறும் ஒரு பதிவைத் தரும்; ‘குளோஸ்டிர்’ அடைவை மூடும். ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் பெயராக உடைய இரு பதிவுகளும் இடையே வரும். அவை முறையே அவ்வடைவையும் அதன் தாயடைவையும் குறிப்பன, அவற்றை நீக்கிவிடலாம்.

ரீட்டிர் பெயர்களை அகரநிரலாகத் தரும் என்று நம்புதல் கூடாது. அன்றியும், முன் தந்த பதிவின்மேலேயே அடுத்ததனை அஃது எழுதிவிடவும் கூடும். ஆதலின் ஒவ்வொரு பெயரையும் தனியே படியெடுத்து வைத்தல் வேண்டும். பெயர்கள் யாவும் திரண்டபின் ‘கியூசார்ட்’ என்னும் கட்டளை அவற்றை அடுக்கும்.

ஆயின், எது முந்துவது, எது பிந்துவது என்பதைக் கியூசார்ட் தானாக அறியாது. இரு பெயர்களை ஒப்பிடும் விதியை நாமே தருதல் வேண்டும். எழுத்துகளின் குறியெண்களையே நோக்கும் ‘ஸ்டிர்கம்ப்’ என்பதை விதியாகக் கொண்டால் விளைவு யாது? ‘துணி10’ என்பது ‘துணி2’ என்பதற்கு முன்னே நிற்கும். ஒன்று என்னும் இலக்கம் இரண்டுக்கு முந்தியதன்றோ? ‘பனியன்’ என்பதும் ‘பருத்தி’க்கு முன்னே வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய். யூனிக்கோடு அட்டவணையிலோ அது நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. றகரம் ழகரத்துக்கு முன் வைக்கப்பட்டமையால், ‘கறை’ முன்னும் ‘கழுத்து’ பின்னும் நிற்கும்.

இது சிறு குறையன்று. பழைய நிகண்டுகள் பெரும்பாலும் மனப்பாடம் செய்வதற்கேற்ற செய்யுள்களாக இருந்தன. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி சொற்களை அகரநிரலில் அமைத்தது. பாடம் செய்யாதாரும் வேண்டிய சொல்லைத் தேடிக் காண வழி பிறந்தது. நிரல் பிறழுமாயின் அப்பயன் கெடும். பருத்திக்குப் பின்னே பனியனைத் தேடுவார், அதனைக் காணாது, ‘இல்லை’ என்றே முடிவு செய்வார். உள்ள பொருளும் இல்லாப் பொருளாகிவிடும்!

இதற்கு வழியும் உண்டு. கணிப்பொறியில் தமிழுக்குரிய இடவழக்கை முதலில் அமைத்துக்கொண்டு, ‘ஸ்டிர்கோல்’ என்பதால் ஒப்பிட்டால், அவ்விடவழக்கில் எழுதப்பட்ட நிரல் பின்பற்றப்படும். எண்களை அவற்றின் மதிப்பால் ஒப்பிடுமாறு தனிவிதி எழுதலாம்.

பொறி விரைந்து அடுக்கும். ஆனால் முறையை வகுப்பது மனிதர் கடன். நெடுங்கணக்கை ஐயமறக் கற்றவரே பொறிக்கு அதனைக் கற்பிக்க வல்லவர் ஆவர்.

பயிற்சி

1. கறை, பனியன், கழுத்து, பஞ்சு, பருத்தி: இவற்றை அகரநிரல்பட எழுதுக.
2. ரீட்டிர் தரும் பெயர்களைப் படியெடுத்து வைப்பது ஏன்?