செல்போனில் கடை வேலைக் குறிப்பு: தேதியை எப்படி வைப்பது?

நமது கடைகளில் கல்லாவுக்கு மேலே சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். அதன் தாளில் பென்சிலால் "எண்ணெய் டின்", "வாடகை" என்று கிறுக்கி வைப்பது நம்மவர் வழக்கம். மறுநாள் காலையில் தாளைக் கிழித்ததும் குறிப்பும் குப்பைக்குப் போய்விடும். அந்த வேலை முடிந்ததா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு பணம் வாங்குவதற்கும், மண்டிக்கு ஆர்டர் சொல்வதற்கும் செல்போனைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். அன்றாட வேலைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் பாரத்தை மட்டும் இன்னும் தலையிலேயே சுமக்கிறோம்.

இதில் உள்ள ஆபத்து, முதலாளி பத்து நாள் காய்ச்சலில் படுத்தால்தான் வீட்டாருக்குத் தெரியும். எந்த மண்டிக்கு எவ்வளவு பாக்கி, யார் எந்தத் தேதியில் தருவதாகச் சொன்னார், எந்தச் சரக்குக்கு முன்பணம் போயிருக்கிறது என்று எதுவும் தெரியாமல் மகனோ மனைவியோ கல்லாவில் உட்கார்ந்து விழிப்பார்கள். கொடுக்க வேண்டியவர்கள் மௌனமாக இருப்பார்கள்; வாங்க வேண்டியவர்கள் மட்டும் தவறாமல் வருவார்கள்.

எந்தச் செயலி நல்லது என்று ஆராய்வதில் நாளைக் கடத்த வேண்டாம். தேதி உள்ள வேலைக்குக் கூகுள் காலண்டர், தேதி இல்லாத பட்டியலுக்குக் கூகுள் கீப், இவை இரண்டே போதும். இரண்டும் இலவசம். பணம் கட்டி வாங்கும் செயலிகளைப் பற்றி விற்பனையாளர் எவ்வளவு சொன்னாலும், இந்த இரண்டில் மூன்று மாதம் பழகிய பிறகு யோசிக்கலாம் என்பது நமது கருத்து.

எழுதும் முறைதான் முக்கியம். "பருப்பு" என்று மட்டும் குறித்து வைத்தால் நான்கு நாள் கழித்து நமக்கே புரியாது. "வியாழன் 11 மணி, கொத்தவால்சாவடி மண்டி, துவரம் பருப்பு 10 மூட்டை, விலை கேட்டு ஆர்டர்" என்று நாள், ஆள், சரக்கு, அளவு நான்கும் இருக்க வேண்டும். தட்டச்சு வராதே என்று தயங்க வேண்டியதில்லை. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டு, மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். கடைச் சத்தத்தில் "பத்து" என்பது "பற்று" ஆகவும் கூடும். ஆகவே எண்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

முடிவுத் தேதிக்கு மணி வைக்காதீர்கள்

செல்போனில் நினைவூட்டல் வைப்பவர்களிலும் பலர், 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கணக்கு என்றால் 20-ஆம் தேதிக்கே மணி வைக்கிறார்கள். அன்று மாலை மணி அடிக்கும்போது பில் கட்டு ஒருபுறம், கொள்முதல் ரசீது ஒருபுறம் கிடக்கும். ஆடிட்டர் அலுவலகத்திலும் கூட்டம். வேலையைத் தொடங்க வேண்டிய நாளுக்கு மணி வைப்பதே பயன் தரும்.

மாதந்தோறும் கணக்குத் தருபவர்களுக்கு விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1 மறுமாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் 3-பி 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். காலாண்டு முறையில் உள்ளவர்களுக்கு நம் மாநிலத்தில் இவை 13, 22. காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் காலாண்டு முடிந்த மறுமாதம் 18-ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும். 3-பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி ஏதும் இல்லாத கணக்காக இருந்தால் 20 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. எனவே மாதக் கணக்குக்காரர்கள் 3-ஆம் தேதிக்கு "பில் கட்டு சேர்த்தல்" என்றும், 6-ஆம் தேதிக்கு "ஆடிட்டரிடம் கொடுத்தல்" என்றும் மாதந்தோறும் திரும்ப வரும்படி இரண்டு குறிப்பு வைத்தால் போதும்.

மின்னணுத் தராசு முத்திரையையும் மறக்க வேண்டாம். அது ஆண்டுக்கு ஒருமுறை. முத்திரைச் சான்றில் உள்ள தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக மணி வையுங்கள். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கும் அதுபோலவே.

பஞ்சாங்கத் தேதி வேறு

காஞ்சிபுரத்து வணிகர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செல்போன் காலண்டரில் "ஆண்டுதோறும்" என்று வைத்தால் அது ஆங்கிலத் தேதியைத்தான் பிடித்துக்கொள்ளும். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. முதல் ஆண்டில் வைத்த குறிப்பை நம்பியிருந்தவருக்கு, அடுத்த ஆண்டு பண்டிகை முடிந்து 11 நாள் கழித்து மணி அடித்திருக்கும்! பண்டிகைப் பட்டியலைக் காலண்டரே காட்டும் என்பது உண்மைதான். ஆனால் நம் கோயில் உற்சவங்கள் எல்லாம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், மாசியில் காமாட்சி அம்மன் உற்சவம் ஆகியவை நமக்கு விற்பனை நாள்கள் மட்டுமல்ல. வீதியில் சரக்கு வண்டி நுழைய முடியாத நாள்களும் அவைதான். கருட சேவையன்று பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை எழுந்தருளும்போது மூட்டை இறக்க எங்கே இடம்?

ஆகவே புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த ஆண்டின் உற்சவங்களைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நினைவூட்டல்: மூன்று வாரம் முன்பு ஆர்டர், இரண்டு நாள் முன்பு சரக்கு இறக்குதல். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம் நடந்தபோது, இலட்சக்கணக்கில் மக்கள் வந்து குவிந்ததையும் கோயிலைச் சுற்றி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருந்ததையும் நாம் மறக்கவில்லை. அடுத்தது 2059-ல். அதையும் இப்போதே பதிந்து வைக்கலாம். எந்தச் செல்போனில் மணி அடிக்கும் என்பதுதான் கேள்வி.

நெசவாளர் பற்று

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதம் 1-ஆம் தேதி வசூல் என்பது பொருந்தாது. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளர் கைக்குக் கூலி வரும். மழைக் காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறினால் அதுவும் தள்ளிப்போகும். இப்போதுள்ள பற்று வரவுச் செயலிகள் சில, கணக்கில் பற்று எழுதியதும் தாமாகவே வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. பாக்கியைக் கேட்டும் அனுப்புகின்றன. தறியில் பாதிச் சேலை நிற்கும்போது, மூன்று தலைமுறையாக நம்மிடம் சாமான் வாங்கும் குடும்பத்துக்கு "உடனே செலுத்தவும்" என்று செய்தி போனால் என்ன ஆகும்? பாக்கி வரும், அடுத்த மாதச் சீட்டு எதிர்க் கடைக்குப் போகும். செயலியின் அமைப்பில் தானியங்கிச் செய்தியை நிறுத்தும் வசதி இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் அந்தச் செயலியே வேண்டாம். "சேலை எப்போது அறுக்கிறீர்கள் அண்ணே?" என்று கேட்டு, அந்தத் தேதியை நம் காலண்டரில் மட்டும் குறித்துக்கொண்டு, அதற்கு மறுநாள் நேரில் கேட்பதே முறை.

வாட்ஸ்அப்பில் வரும் சீட்டு இன்னொரு தொல்லை. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வாடிக்கையாளரின் சாமான் சீட்டு மறைந்துபோகிறது. வியாபாரிகளுக்கென்று 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் ஒவ்வொரு உரையாடலுக்கும் குறிச்சீட்டு ஒட்டலாம். "புது ஆர்டர்", "பணம் பாக்கி", "முடிந்தது" என்ற மூன்று போதும். குடும்பக் குழுக்களுக்கு வேறு எண்ணை வைத்துக்கொள்வது உத்தமம்.

குறிப்பு எழுதினால் மட்டும் வேலை நடக்காது; பார்க்க வேண்டும். கடை திறக்குமுன் ஐந்து நிமிடம், இரவு கல்லா எண்ணும்போது ஐந்து நிமிடம் பாருங்கள். முடியாத வேலையை அழிக்காமல் வேறு தேதிக்கு மாற்றுங்கள். மூன்று முறை தள்ளிப்போட்ட வேலை இருந்தால், அது நமக்கு வேண்டியதுதானா என்று யோசித்து ஒரு முடிவு செய்யுங்கள். விளையாட்டு, விளம்பரம், கடன் தருகிறோம் என்பன போன்ற அறிவிப்புகளை அமைப்புக்குள் போய் அடைத்துவிடுங்கள். எதற்கெடுத்தாலும் மணி அடிக்கும் செல்போனில் தராசு முத்திரைக்கு அடிக்கும் மணி காதில் விழாது.

கூகுள் கீப் பட்டியலை மகனுடனோ நம்பிக்கையான கடைப் பையனுடனோ பகிர்ந்துகொள்ளலாம். அவர் கிடங்கில் நின்று "சர்க்கரை 2 மூட்டைதான் இருப்பு" என்று சேர்த்தால் நம் செல்போனிலும் தெரியும். வசூல் விவரத்தையும் வங்கி விவரத்தையும் இந்தப் பொதுப் பட்டியலில் எழுதக் கூடாது. அதற்கு வீட்டாருடன் மட்டும் பகிர்ந்த தனிப் பட்டியல் ஒன்று இருக்கட்டும்.

செல்போன் தொலைந்தால் குறிப்புகள் தொலையாது. அவை கூகுள் கணக்கில் இருப்பதால் புதுச் செல்போனில் அதே கணக்கைத் திறந்ததும் வந்துவிடும். அதற்குக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் காகிதத்தில் எழுதி வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். இன்றே *#06# என்று அழுத்தி வரும் 15 இலக்க எண்ணையும் அதே காகிதத்தில் எழுதி வையுங்கள். தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே செல்போன் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, அந்த 15 இலக்க எண்ணைக் கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் கருவியை முடக்கிவிட வேண்டும். வங்கிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் பேச வேண்டும்.