முதலில் எந்தப் பூட்டு?



எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று மீட்டர் சமனச்சுற்றுச் சோதனை. பழுதானவை போக எஞ்சியிருந்தவை ஒரே ஒரு கால்வனாமீட்டரும் ஒரே ஒரு மின்தடைப் பெட்டியும்தான். இரண்டு மாணவர்கள் சோதனையைச் செய்து முடிக்க வேண்டும். ஒருவர் விரைந்து சென்று கால்வனாமீட்டரை எடுத்துக்கொண்டார். அதே நேரத்தில் மற்றவர் மின்தடைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது இருவரும் சும்மா நின்றிருந்தனர்.

"என்னப்பா, ஏன் இன்னும் தொடங்கவில்லை?"

"பெட்டி வரட்டும் என்று காத்திருக்கிறேன், சார்."

"கால்வனாமீட்டர் வந்ததும் தொடங்கிவிடுவேன், சார்."

இருவரும் சோம்பேறிகள் அல்லர். கருவிகளிலும் கோளாறு இல்லை. "எடுத்த கருவியை வேலை முடியும் வரை கையைவிட்டு விடக்கூடாது" என்ற ஆய்வக விதியை இருவரும் ஒழுங்காகவே கடைப்பிடித்தனர். ஆயினும் வேலை நின்றுவிட்டது. நான் போய்க் கேட்டிராவிட்டால் மணி அடிக்கும் வரை அப்படியேதான் நின்றிருப்பார்கள்.

இதே நிலை கணிப்பொறியின் உள்ளேயும் ஏற்படுகிறது. அங்கே போய்க் கேட்க ஆசிரியர் இல்லை, மணியும் அடிக்காது. அந்நிலை ஏன் வருகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொறிக்குள் ஒரு பொறி

ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள் போல இயங்கச் செய்யும் மென்பொருள் உண்டு. அவ்வாறு உருவாகும் ஒவ்வொரு போலிக் கணிப்பொறியையும் வர்ச்சுவல் மெஷின் என்பர். நாம் மெய்நிகர் பொறி என்போம். உள்ளே இயங்கும் நிரல்களுக்குத் தாம் ஒரு தனிக் கணிப்பொறியில் இருப்பதாகவே தோன்றும். ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே விஎம்/370 என்ற பெயரில் இத்தகைய மென்பொருளை அறிவித்தது. 2007-இல் லினக்ஸ் இயக்க மென்பொருளுடன் கே.வி.எம். என்ற பகுதி சேர்ந்தது. இன்று நிறுவனங்கள் தொலைவிலிருந்து வாடகைக்கு எடுக்கும் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை மெய்நிகர் பொறிகளே.

மெய்நிகர் பொறிக்கும் செயலி வேண்டும் அல்லவா? நான்கு செயலிகள் உள்ள மெய்நிகர் பொறியை உருவாக்கினால், கே.வி.எம். முறையில், உண்மையான கணிப்பொறியில் நான்கு வேலைத் தொடர்கள் ஓடும். இவற்றை இழைகள் என்பர். ஒவ்வோர் இழையும் ஒரு செயலியாக நடிக்கிறது. "நினைவகத்தைக் கூட்டு", "புதிய கருவியைச் சேர்" போன்ற கட்டளைகளைக் கவனிக்க வேறு இழைகள் உண்டு. இவை யாவும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன; ஒரே குறிப்பேட்டில் படித்து எழுதுகின்றன. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

பூட்டு எதற்கு?

குறிப்பேட்டில் 5 என்ற எண் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு இழைகள் ஒவ்வொன்றும் அதனுடன் 1 கூட்ட வேண்டும். விடை 7 ஆக வேண்டும். முதல் இழை 5 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாம் இழையும் 5 என்றே படித்துவிடுகிறது. முதல் இழை 6 என்று எழுதுகிறது; இரண்டாவதும் 6 என்று எழுதுகிறது. ஒரு கூட்டல் காணாமல் போய்விட்டது!

இதைத் தவிர்க்கவே பூட்டு. குறிப்பேட்டைத் தொடும் இழை முதலில் அதன் பூட்டைக் கைப்பற்ற வேண்டும். வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். ஒரு பூட்டை ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே வைத்திருக்க முடியும். மற்றவை காத்திருக்கும்.

எல்லாவற்றிற்கும் ஒரே பூட்டைப் போட்டால் என்ன? பிழை வராது. ஆனால் ஓர் இழை ஓடும்போது மற்றவை நிற்கும். நான்கு செயலிகள் இருந்தும் ஒன்றின் வேகமே கிடைக்கும். ஆகவே பல பூட்டுகளை வைக்கிறார்கள். முழுப் பொறிக்கும் ஒரு பூட்டு. அதைப் பொறிப் பூட்டு என்போம். ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் ஒரு செயலிப் பூட்டு. இவ்வாறே மற்றவையும்.

முட்டுநிலை

இப்போது இரண்டு இழைகளைக் கவனியுங்கள்.

முதல் இழை ஒரு செயலியாக ஓடுகிறது. அதன் கையில் தன் செயலிப் பூட்டு இருக்கிறது. நடுவில் பொறி முழுவதையும் பற்றிய ஒரு விவரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. எனவே பொறிப் பூட்டைக் கேட்கிறது.

இரண்டாம் இழை ஒரு கட்டளையைக் கவனிக்கிறது. அதன் கையில் பொறிப் பூட்டு இருக்கிறது. கட்டளையை முடிக்க எல்லாச் செயலிகளையும் நிறுத்த வேண்டும். எனவே செயலிப் பூட்டைக் கேட்கிறது.

முதல் இழை இரண்டாவதற்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது முதலாவதற்காகக் காத்திருக்கிறது. ஆய்வகத்தில் நின்ற என் மாணவர்கள் இருவரும் நினைவுக்கு வருகிறார்களா? இதைத்தான் டெட்லாக் என்கிறார்கள். தமிழில் முட்டுநிலை எனலாம். நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா இதைக் கொடிய தழுவல் என்று குறிப்பிட்டார். அவர் லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பயின்று பின்னர் கணிப்பொறி இயலுக்கு வந்தவர்.

சோதித்தால் தெரியாதா?

"நிரலை ஓட்டிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒவ்வோர் இழையும் ஒரு நொடிக்கு ஒரு முறை இவ்வேலையைச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பூட்டை எடுப்பதற்கும் இரண்டாம் பூட்டைக் கேட்பதற்கும் இடையே ஒரு மைக்ரோ நொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, செல்கிறது. இரண்டு இழைகளும் தொடங்கும் நேரங்களுக்கு இடையே ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான வேறுபாடு இருந்தால் மட்டுமே முட்டுநிலை வரும். முன்னே ஒரு மைக்ரோ நொடி, பின்னே ஒரு மைக்ரோ நொடி. ஆகவே ஒரு நொடியில் அது நேர்வதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் 2.

ஒரு மணி நேரம், அதாவது 3600 நொடிகள், சோதித்தால் வாய்ப்பு ஏறத்தாழ 0.0072, ஆயிரத்தில் ஏழுதான். சோதித்தவர் "பிழையே இல்லை" என்று கையெழுத்திட்டுவிடுவார். சராசரியாக 5 லட்சம் நொடிக்கு ஒரு முறை, அதாவது சுமார் 6 நாளுக்கு ஒரு முறை, பொறி உறைந்து நிற்கும். சரி, அதே நிரல் ஆயிரம் கணிப்பொறிகளில் ஓடினால்? 500 நொடிக்கு ஒன்று வீதம் எங்கேனும் ஒரு பொறி நின்றுகொண்டே இருக்கும்! மருத்துவமனையின் பதிவேடோ வங்கியின் கணக்கோ அந்தப் பொறிக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்த்து இப்பிழை இல்லை என்று உறுதி கூற முடியாது. காரணத்தையே அகற்ற வேண்டும்.

வட்டத்தை உடைப்போம்

1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவர் முட்டுநிலைக்கு வேண்டிய நான்கு நிபந்தனைகளைத் தொகுத்துக் கூறினர்.

1. ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே பயன்படுத்த முடியும்.
2. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருக்கிறார்கள்.
3. ஒருவர் கையிலிருப்பதைப் பிறர் பிடுங்க முடியாது.
4. காத்திருப்போர் ஒரு வட்டமாக அமைந்துவிடுகிறார்கள்.

நான்கும் ஒருசேர இருந்தால்தான் முட்டுநிலை. ஒன்றை நீக்கினாலும் போதும். முதல் நிபந்தனையை நீக்க முடியாது. பூட்டின் பயனே அதுதான். மூன்றாவதை நீக்கிப் பிடுங்கினால், பாதி எழுதிய குறிப்பேடு அரைகுறையாய் நிற்கும். இரண்டாவதை நீக்குவதானால் வேண்டிய எல்லாப் பூட்டுகளையும் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். எவை வேண்டும் என்பது பல வேளைகளில் முன்கூட்டித் தெரியாது. எஞ்சியது வட்டம். அதை உடைப்பது வியக்கத்தக்க அளவுக்கு எளிது.

பூட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். "ஒரு பூட்டைக் கையில் வைத்திருப்பவர், அதைவிடப் பெரிய எண் உள்ள பூட்டுக்காக மட்டுமே காத்திருக்கலாம்" என்று விதி செய்யுங்கள். அவ்வளவுதான்! ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹேவெண்டர் 1968-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வாறு வரிசைப்படுத்தும் முறையை விளக்கியுள்ளார்.

இது எப்போதும் பலிக்குமா? நிரூபித்துவிடலாம். முட்டுநிலை வந்துவிட்டதாகவே கொள்வோம். முதல் இழையின் கையில் அ என்ற எண்ணுள்ள பூட்டு. அது ஆ என்ற பூட்டுக்குக் காத்திருக்கிறது. விதிப்படி ஆ, அ-வைவிடப் பெரியது. ஆ-வை வைத்திருக்கும் இழை, இ என்ற பூட்டுக்குக் காத்திருக்கிறது. இ, ஆ-வைவிடப் பெரியது. இப்படியே எண்கள் கூடிக்கொண்டே போகும். வட்டம் முடிய வேண்டுமானால் கடைசி இழை அ-வுக்குக் காத்திருக்க வேண்டும். அப்போது அ, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருக்க வேண்டும். ஆனால் அ-தான் எல்லாவற்றிலும் சிறியது! மாடிப்படியில் மேலே மேலே ஏறிக்கொண்டே சென்று, புறப்பட்ட படிக்கே வந்து சேர முடியுமா? முடியாது. ஆகவே வட்டம் அமையாது. இரண்டு இழைகளானாலும் இரண்டாயிரம் இழைகளானாலும் இந்த நிரூபணம் பொருந்தும்.

2-ஆம் பூட்டு கையிலிருக்கும்போது 1-ஆம் பூட்டுத் தேவைப்பட்டால்? 2-ஐ விட்டுவிட வேண்டும். 1-ஐ எடுத்து, மீண்டும் 2-ஐ எடுக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் வேறோர் இழை குறிப்பேட்டை மாற்றியிருக்கலாம். ஆதலால் முன்பு படித்ததை நம்பாமல் மறுபடியும் படித்துப் பார்க்க வேண்டும். இதை மறப்பவர்கள் பலர்.

பத்து ஆண்டுகள் மறைந்திருந்த பிழை

கே.வி.எம். ஆவணங்களில் இந்த வரிசை எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. பொறிப் பூட்டை எடுத்த பிறகே செயலிப் பூட்டு. நினைவகப் பகுதிகளுக்கான பூட்டும், குறுக்கீட்டுச் செய்திகளுக்கான பூட்டும் பொறிப் பூட்டுக்குப் பிறகே. அவ்விரண்டில் நினைவகம் முன், குறுக்கீடு பின்.

எழுதி வைத்தால் போதுமா? கே.வி.எம்., ஆர்ம் வகைச் செயலிகளுக்கு 2013-இல் வந்தது. அந்த வகையில் மெய்நிகர் பொறி தொடங்கும்போது முதல் செயலி, "இரண்டாம் செயலியை எழுப்பு" என்று கேட்கும். கேட்கும் இழையின் கையில் ஏற்கெனவே தன் செயலிப் பூட்டு இருக்கிறது. அந்நிலையில் அது பொறிப் பூட்டை எடுத்துக்கொண்டிருந்தது. வரிசை தலைகீழ்! 2023-இல்தான் இது திருத்தப்பட்டது. தொடக்கத்திலிருந்தே வரிசை தலைகீழாக இருந்தது என்று திருத்தியவர்களே குறித்துள்ளனர். தேர்ந்த வல்லுநர்கள் எழுதி, பலர் படித்துச் சரிபார்த்த நிரல் அது என்பதை மறவாதீர்கள்.

எப்படித் திருத்தினார்கள்? செயலி விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்ற ஒரு விவரத்தை மாற்றப் பொறி முழுவதையும் பூட்டத் தேவையில்லை. அதற்கென்று ஒரு சிறிய தனிப் பூட்டை அமைத்தார்கள். செயலிப் பூட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டிய பூட்டு அது. வரிசை நேராகிவிட்டது.

வரிசையைக் காக்கும் காவலன்

மனிதர் கண்ணுக்குத் தப்புவதைப் பிடிக்க 2006-இல் லினக்ஸில் லாக்டெப் என்ற கண்காணிப்பு நிரல் சேர்க்கப்பட்டது. உருவாக்குவதில் முன்னின்றவர் இங்கோ மோல்னார். எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு எடுக்கப்பட்டது என்பதை அது குறித்துக்கொண்டே வருகிறது. காலையில் "1-க்குப் பின் 2" என்று கண்டு, மாலையில் "2-க்குப் பின் 1" என்று கண்டால் உடனே எச்சரிக்கும். அந்த ஒரு மைக்ரோ நொடித் தற்செயலுக்காக அது காத்திருப்பதில்லை. பொறி உறையாதபோதே, உறையக்கூடும் என்று சொல்லிவிடுகிறது. இதுவே அதன் சிறப்பு.

ஆனால் ஓடாத வழியை அக்காவலன் அறியாது. எனவே 2023-இல் திருத்தியவர்கள் மற்றொரு நல்ல காரியமும் செய்தார்கள். கண்காணிப்பு நடைபெறும்போது, மெய்நிகர் பொறியை உருவாக்கும் கட்டத்திலேயே பூட்டுகளைச் சரியான வரிசையில் ஒரு முறை எடுத்து விட்டுவிடுகிறார்கள். வேறு வேலை எதுவும் செய்வதில்லை. காவலனுக்குப் பாடம் கற்பிப்பதற்காக மட்டுமே!

எங்கள் ஆய்வகத்தில் அன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: "முதலில் கால்வனாமீட்டர். அது கிடைத்த பிறகே மின்தடைப் பெட்டி." அதன் பின் யாரும் அவ்வாறு நிற்க நேர்ந்ததில்லை. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. யாரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. எல்லோரும் ஒரே வரிசையை ஏற்றுக்கொண்டதே போதுமானதாக இருந்தது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. மூன்று இழைகள் உள்ளன. முதலாவது 1, 2 என்ற வரிசையிலும், இரண்டாவது 2, 3 என்ற வரிசையிலும், மூன்றாவது 3, 1 என்ற வரிசையிலும் பூட்டுகளை எடுக்கின்றன. முட்டுநிலை வருமா? எதை மாற்ற வேண்டும்?

2. டைக்ஸ்ட்ரா 1965-இல் மாணவர்களுக்கு அளித்த ஒரு தேர்வு வினா, பின்னர் ஐந்து தத்துவ அறிஞர்களின் கதையாகப் புகழ்பெற்றது. வட்ட மேசையைச் சுற்றி ஐவர். அடுத்தடுத்த இருவருக்கிடையே ஒரு முள்கரண்டி வீதம் மொத்தம் ஐந்து. உண்பதற்கு ஒருவருக்கு இருபுறத்து முள்கரண்டிகளும் வேண்டும். எல்லோரும் முதலில் இடக்கைப் பக்கத்ததை எடுத்தால் முட்டுநிலை. முள்கரண்டிகளுக்கு 1 முதல் 5 வரை சுற்று வரிசையில் எண்ணிட்டுச் சிறிய எண்ணையே முதலில் எடுக்கச் சொன்னால், யார் மற்றவர்களுக்கு மாறாகக் கை நீட்டுவார்?

விடைகள்: 1. வரும். மூன்றாம் இழை 1, 3 என்ற வரிசையில் எடுக்க வேண்டும். 2. 5-க்கும் 1-க்கும் இடையே அமர்ந்திருப்பவர்.