சாவி கொடுக்கும் முன் ஒரு போன்

டூ-லெட் பலகை மாட்டிய மறுநாளே முன்பணத்தோடு ஒருவர் வந்து நிற்பார். அவசரப்பட வேண்டாம். அவர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரர், ஆள் கிளம்பினால் சரி என்று புகழக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். வாடகை தேதி தவறாமல் வந்ததா, கரண்ட் பில் பாக்கி உண்டா, ஏன் காலி செய்தார்?

சைவமா அசைவமா என்று துருவுவதால் வாடகை வராது.

ஆதார் நகலை வாங்கிப் பீரோவில் வைப்பதோடு நிறுத்தாமல், அசல் அட்டையின் க்யூஆர் குறியீட்டை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்யலாம். திரையில் வரும் பெயரும் படமும் அட்டையோடு பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதிவுக்குத் தயங்குபவரிடம் காரணத்தைக் கேட்டுவிட்டு முன்பணத்தை வாங்கலாம்.