கரையிறங்கியவர் ஒருவர் மட்டுமா?

சென்ற பள்ளி விடுமுறையில் நம் இளையர் சிலரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரம் பக்கம் நடந்தேன். ராஃபிள்ஸ் கரையிறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தைக் காட்டி விளக்குவது என் பொறுப்பு. வெள்ளைச் சிலைக்கு முன்னால் நின்று, "1819 ஜனவரி 29" என்று ஆரம்பித்தேன்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பி ஒருவன் குறுக்கிட்டான். "அண்ணே, இதெல்லாம் பள்ளியிலயே படிச்சாச்சு. வெள்ளைக்காரன் வந்தான், ஊர் வந்துச்சு. நம்ம ஆளுங்க அப்புறம் கூலிக்கு வந்தாங்க, அவ்வளவுதானே?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கூலிக்கு வந்ததில் ஒரு கேவலமும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கதை அது மட்டும் இல்லை. ராஃபிள்ஸ் வந்தபோது இது ஆளில்லாத் தீவும் இல்லை. தெமெங்கோங் அப்துல் ரஹ்மானும் அவருடைய மக்களும், படகே வீடாக வாழ்ந்த ஓராங் லாவுட் மக்களும் இங்கே இருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் திரும்பி வந்த 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். துணி வியாபாரமும் செய்தார். 1822இல் கடை தீப்பிடித்துக் கடனாளி ஆனார், மறுபடி எழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார். 2019இல் இருநூறாம் ஆண்டு நிறைவின்போது, இதே ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் பக்கத்தில் அவருக்கும் சில காலம் சிலை வைத்திருந்தார்கள்.

இன்னும் பின்னால் போவோம். இந்த முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் அளவில் ஒரு கல் நின்றது. அதில் சுமார் ஐம்பது வரி எழுத்து. 1843இல் கட்டுமான வேலைக்காக வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்! மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை இன்றுவரை யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. அதைப் படித்துக்காட்டப்போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது இன்னொன்று. 1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் தொழிலாளர்கள் மண் தோண்டியபோது தங்க நகைகள் கிடைத்தன. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு கைவளையில் முழித்த கண்ணோடு ஒரு முகம். சாவகத்தில் அதைக் 'காலா' என்பார்கள். நாம் கீர்த்திமுகம் என்கிறோம். ராஃபிள்ஸ் வருவதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இந்தக் குன்றில் இருந்திருக்கிறது. அணிந்தவர் தமிழர் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் அந்த முகம் நமக்குப் புதிது இல்லை.

"எங்கண்ணே பார்த்திருக்கோம்?" என்றான் தம்பி.

பதில் சொல்லாமல் மாரியம்மன் கோயில் வரை நடக்கவைத்தேன். பத்துப் பதினைந்து நிமிட நடைதான். வழியெல்லாம் பசி, வெயில் என்று ஒரே புலம்பல். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனதும், "சாமி பின்னாடி இருக்கிற திருவாசி உச்சியப் பாருங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன்தான் மெதுவாக, "அதே கண்ணுண்ணே" என்றான்.