சிறு பிள்ளைகளின் மனவெழுச்சிகளும் உளநலமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
மீட்டல் பாடம்: உள, சமூக நலன்



முன்னோடிப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு வினாவில் மட்டும் பலரும் ஒரே விதமாகப் புள்ளிகளை இழப்பதைக் காண்கிறோம். வினா இதுதான்: “தரம் 3 இல் கற்கும் உமது தம்பி கோபம் வந்தால் கொப்பியைக் கிழிக்கிறான். அவனுக்கு நீர் எவ்வாறு உதவுவீர்?” எழுதப்படும் விடை: “கோபம் கூடாது என்று அறிவுரை கூறுவேன். தியானம் செய்யச் சொல்வேன்.” எட்டு வயதுப் பிள்ளையிடம் கோபம் கூடாது என்று சொல்லி அதை நிறுத்திக் காட்டியவர் யாராவது இருந்தால் அவருக்கு முழுப் புள்ளியும் வழங்கலாம். அப்படி ஒருவரையும் நாம் அறியோம்.

இந்த விடை ஏன் பிழை என்பதை விளங்கிக்கொண்டால் அலகின் பாதி விளங்கிவிடும். இது பரீட்சைக்கு மாத்திரம் உரிய விடயமும் அன்று. உங்களில் பலருக்கு வீட்டில் தம்பி, தங்கச்சி இருக்கிறார்கள். மாணவத் தலைவர்களாக இருப்போர், ஆசிரியர் வராத நாட்களில் ஆரம்பப் பிரிவு வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்படுகிறார்கள். அந்த வகுப்பில் ஒரு பிள்ளை விம்மி விம்மி அழுதால் நீங்கள் செய்வது என்ன?

மனவெழுச்சி என்றால் என்ன?

1948 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, நோயின்மை மாத்திரம் சுகாதாரம் ஆகாது என்றும், உடல், உள, சமூக ரீதியான முழுமையான நன்னிலையே சுகாதாரம் என்றும் வரையறுக்கிறது. இதை நீங்கள் ஏற்கனவே மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதிலுள்ள ‘உள’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் இன்றைய பாடம் முழுவதும் அடங்கியுள்ளது.

ஒரு நிகழ்வுக்கு உள்ளமும் உடலும் சேர்ந்து காட்டும் துலங்கலே மனவெழுச்சி. ‘உடலும் சேர்ந்து’ என்பதை விட்டுவிடாதீர்கள். பயம் ஏற்படும்போது அதிரினல் சுரப்பியிலிருந்து அதிரினலின் ஓமோன் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது உங்களுக்கும் இது நடக்கும்.

தமிழ் பாடத்தில் மெய்ப்பாடு பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இங்கே அதை நினைவுக்குக் கொண்டுவரலாம். மெய்யில், அதாவது உடலில், தோன்றுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உள்ளது. சிரிப்பு, மகிழ்ச்சி, அழுகை, அச்சம், வெகுளி, வியப்பு, இழிவுணர்வு, பெருமிதம் என எட்டு வகையை அது கூறுகிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகைக்கு அது கூறும் நான்கு காரணங்கள்: இகழப்படுதல், இழத்தல், நிலை தளர்தல், வறுமை. இது செய்யுளுக்கு இலக்கணம் சொல்லும் நூல். உளவியல் நூல் அன்று. ஆயினும் அழும் பிள்ளைக்கு முன்னால் நிற்கும் ஒருவருக்கு இந்த நான்கும் கைகொடுக்கும். யாராவது பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்தார்களா? எதையாவது, யாரையாவது இழந்துவிட்டதா? உடம்பு தளர்ந்து, பசித்துப் போயிருக்கிறதா? வகுப்பில் எல்லோரும் சுற்றுலாவுக்குக் காசு கட்ட, இதனால் முடியவில்லையா? “ஏன் அழுகிறாய்?” என்று பத்துத் தடவை கேட்பதை விட, இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் அமர்வது பயன் தரும்.

உணர்வு வேறு, நடத்தை வேறு

இனி முதலில் பார்த்த வினாவுக்கு வருவோம். தம்பிக்குக் கோபம் வந்தது பிழையன்று. கொப்பியைக் கிழித்ததே பிழை. முன்னையது மனவெழுச்சி, பின்னையது நடத்தை. மனவெழுச்சியில் நல்லது, கெட்டது என்று பிரிவு கிடையாது. இதமானது, இதமற்றது என்றே பிரிக்கலாம். இதமற்ற மனவெழுச்சிகளுக்கும் வேலை உண்டு. பயம் இல்லாத பிள்ளை வாகனத்தைப் பார்க்காமல் வீதியைக் கடக்கும். கோபமே வராத பிள்ளை, தனக்கு அநீதி நடக்கும்போதும் பேசாமல் இருந்துவிடும்.

நமது வீடுகளில் இரண்டையும் கலந்துதான் பேசுகிறோம். “ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ?”, “வாயை மூடு, பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும்” என்பவை பழக்கப்பட்ட வார்த்தைகள். இவற்றைக் கேட்டு வளரும் பிள்ளை அழுகையை நிறுத்தக் கற்றுக்கொள்ளும். கவலை அப்படியே இருக்கும். கவலையைச் சொல்லக்கூடாது என்ற பாடத்தையே அது படித்திருக்கும். பொலிஸைக் காட்டிப் பயமுறுத்தப்பட்ட பிள்ளை, உண்மையான ஆபத்து நேரும் நாளில் பொலிஸாரிடம் போகுமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வயிற்றுவலி என்ற மொழி

ஆரம்பப் பிரிவில் கற்பவர்கள் ஏறத்தாழ 5 முதல் 10 வயதுக்கு உட்பட்டவர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, உணர்வின் அளவில் அன்று, சொல்லின் அளவில். ஏக்கம், ஏமாற்றம், பொறாமை, வெட்கம், சலிப்பு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் வாயில் வரும் சொற்கள் சந்தோஷம், கவலை, கோபம் என்ற மூன்றோடு முடிந்துவிடும். சொல் இல்லாத உணர்வு உடம்பின் வழியாக வெளிவரும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தரம் 2 இல் கற்கும் ஒரு சிறுமி. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத் சென்று நான்கு மாதங்கள். அம்மம்மாவுடன் இருக்கிறாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் “வயித்துக்குள்ள நோகுது” என்று அழுகிறாள். வைத்தியர் பரிசோதித்து உடலில் நோய் எதுவும் இல்லை என்கிறார். உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? “கள்ள வயித்துவலி.” இது கள்ளம் அன்று. அவளுக்கு வயிறு உண்மையாகவே நோகிறது. மனநெருக்கீடு சமிபாட்டுத் தொகுதியைப் பாதிக்கும் என்பதை விஞ்ஞானம் ஏற்றுக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில்தான் தாய் தொலைபேசியில் பேசுவது வழக்கம் என்று பிறகு தெரியவருகிறது. பேசி முடித்த மறுநாள் காலையில் வலி.

இங்கே உதவி என்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. அம்மம்மா அவளை மடியில் இருத்தி, “அம்மாவோட கதைச்சாப் பிறகு அம்மா பக்கத்தில இல்லையெண்டு இருக்குதோ பிள்ளை? அதுக்குப் பேர் ஏக்கம். எனக்கும் இருக்கு” என்று சொன்னால் போதும். பிள்ளைக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. அந்த ஏக்கம் தனக்கு மட்டும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்த திங்கள் அவள் வயிறு நோகுது என்று சொல்லாமல் “ஏக்கமாயிருக்கு” என்று சொல்லக்கூடும். தாய் உடனே திரும்பி வரப்போவதில்லை. ஆகவே ஏக்கம் முற்றாகத் தீராது. ஆயினும் ஏக்கத்தைச் சொல்லக்கூடிய பிள்ளையைத் தேற்ற முடியும்.

இந்த வயதில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறு பிள்ளைகள் நடப்பவற்றுக்குத் தம்மையே காரணமாகக் கருதுவார்கள். “நான் குழப்படி செய்தபடியால்தான் அம்மா போனவ” என்று நினைப்பார்கள், ஆனால் சொல்லமாட்டார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் “இது உன்னால் நடந்தது அன்று” என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

எவ்வாறு கற்பிப்பது?

இவ்வயதினர் கண்ணால் கண்டு, கையால் தொட்டுக் கற்பவர்கள். விரிவுரை பயன்படாது. படம் வரைதல், களிமண் வேலை, கதை, பாவைகள், பாத்திரமேற்று நடித்தல் ஆகியன பொருத்தமானவை. “நீ ஏன் பயப்படுகிறாய்?” என்று நேரே கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, “இந்த முயல் ஏன் பயப்படுகிறது?” என்று கேட்டால் தன் கதையையே முயலின் கதையாகச் சொல்லும். கோபத்தின் அளவைக் காட்ட ஒரு வெப்பமானிப் படத்தைச் சுவரில் ஒட்டி, “இப்ப எவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்கலாம். மூச்சுப் பயிற்சிக்குத் ‘தியானம்’ என்ற சொல் தேவையில்லை. “பூவை மணக்கிற மாதிரி இழு, சுடுதேத்தண்ணியை ஊதுற மாதிரி மெல்ல விடு” என்றால் போதும். மெதுவாக மூச்சை விடும்போது இதயத் துடிப்புத் தணியும். ஆனால் இதைக் கோபம் உச்சத்தில் இருக்கும்போது முதன்முதலாகக் கற்பிக்க முடியாது. சந்தோஷமான நேரத்தில் விளையாட்டாகப் பழக்கியிருக்க வேண்டும்.

நமது நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. யுத்த காலத்தில், 1996 இல், மட்டக்களப்பில் ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ ஆரம்பிக்கப்பட்டது. கனடிய ஓவியர் போல் ஹோகனும் உளவளத்துணையாளரான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதில் முன்னின்றவர்கள். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் கூடி ஓவியம் வரைந்தார்கள், களிமண்ணில் உருவங்கள் செய்தார்கள், கதை சொன்னார்கள். பிள்ளைக்கு விளையாட்டே மொழி என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கரையோர நலன்புரி நிலையங்களில் பிள்ளைகளுக்காக விளையாட்டு, சித்திர நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டதும் இதே காரணத்தினால்தான். பேரனர்த்தத்தைக் கண்ட பிள்ளை அதையே திரும்பத் திரும்ப விளையாடுவதும், பெரிய அலையைத் திரும்பத் திரும்ப வரைவதும் உண்டு. தடுத்து நிறுத்தாமல் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நாட்கள் சென்றும் அந்த விளையாட்டு மாறாமல், பிள்ளையின் பயமும் குறையாமல் இருந்தால் உளவளத்துணையாளரின் உதவி தேவை.

அனர்த்தம் இல்லாத வீட்டிலும் நெருக்கீடு உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை மாமா, சித்தி, அயல்வீட்டார் எல்லோரின் எதிர்பார்ப்பையும் சுமக்கிறது. வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்துவிட்ட பிள்ளையின் முன்னால், சித்தியடைந்த பிள்ளையின் பெயரை எடுக்காமல் இருப்பதே உங்களால் செய்யக்கூடிய முதல் உதவி. சில வருடங்களுக்கு முன் உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

எப்போது பெரியவரிடம் சொல்ல வேண்டும்?

நித்திரையின்மை, பழகிய பிள்ளை மீண்டும் படுக்கையை நனைத்தல், விளையாட்டில் விருப்பமின்மை, சாப்பாட்டை ஒதுக்குதல் ஆகியன சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் வகுப்பாசிரியருக்கோ பாடசாலை உளவளத்துணை ஆசிரியருக்கோ அறிவிக்க வேண்டும். யாராவது அடிப்பதாகவோ, தவறாகத் தொடுவதாகவோ பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. “உனக்கு உதவக்கூடிய ஒருவருக்கு மட்டும் சொல்லுவன்” என்று கூறுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. பின்னைய இலக்கம் உங்களுக்கும் உரியது.

பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை வழங்குவதைக் கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்தது. மாணவத் தலைவர் கையில் தடி வைத்திருப்பதற்கும் இடமில்லை.

மாதிரி வினாவும் விடையும்

தரம் 3 மாணவன் ஒருவன் சித்திர பாடத்தின்போது தனது படத்தைப் பார்த்து நண்பர்கள் சிரித்ததும் கொப்பியைக் கிழித்து எறிந்தான்.

(i) இங்கு மனவெழுச்சி எது, நடத்தை எது?
மனவெழுச்சி: கோபம். அதற்கு அடியில் வெட்கமும் உண்டு. நடத்தை: கொப்பியைக் கிழித்தல். (வெட்கத்தையும் குறிப்பிடுவோர் வினாவை நன்கு விளங்கியவர்கள்.)

(ii) இம்மனவெழுச்சிக்குக் காரணம் யாது?
நண்பர்களால் இகழப்பட்டமை.

(iii) மாணவத் தலைவராகிய நீர் உடனடியாகச் செய்வது என்ன?
அவனை அமைதியான இடத்துக்கு அழைத்துச் சென்று, அவனது உயரத்துக்குக் குனிந்து அல்லது அமர்ந்து, அழுகை அடங்கும்வரை காத்திருப்பேன். “எல்லாரும் சிரிச்சது உனக்கு வெட்கமாவும் கோபமாவும் இருந்திருக்கும், என்ன தம்பி?” என்று அவனது உணர்வைச் சொல்லால் எடுத்துக் கூறுவேன்.

(iv) அவன் அமைதியடைந்த பின்னர் செய்வது என்ன?
கோபம் வருவது இயல்பு, கொப்பியைக் கிழிப்பது சரியன்று என்று பிரித்து விளக்குவேன். அடுத்த முறை “சிரிக்காதேங்கோ, எனக்குப் பிடிக்கேல்லை” என்று வாயால் சொல்லப் பழக்குவேன். கிழிந்த பக்கத்தை அவனுடன் சேர்ந்து ஒட்டுவேன். சிரித்த மாணவர்களுடனும் தனியாகப் பேசுவேன். நடந்ததை வகுப்பாசிரியருக்கு அறிவிப்பேன்.