பளபளக்க வேண்டுமானால் முதலில் மங்க வேண்டும்

மாணவர்களே, ஒரு பழைய மாரிஸ் மைனர் காரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1948இல் பிரிட்டனில் அறிமுகமாகி, ஒரு காலத்தில் மலாயாச் சாலைகளிலும் ஓடிய உருண்டை முதுகுக் கார். புதுச் சாயம் அடித்து, அதற்கு மேல் நிறமற்ற காப்புப் பூச்சும் அடித்தாகிவிட்டது. கார் பளபளக்கிறது. ஆனால் அதன் கூரையில் விழும் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். நேர்க்கோடாக இல்லாமல் நெளிகிறது. ஆரஞ்சுத் தோலைப் போல மேற்பரப்பு முழுவதும் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள்.

பட்டறைக்காரர் இதைச் சரிசெய்ய உப்புத்தாளை எடுக்கிறார். தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க, இருந்த பளபளப்பும் போய்விடுகிறது. கார் முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. முதல் முறை பார்க்கும் உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும்! ஆனாலும் இதுதான் சரியான வழி. ஏன் என்று பார்ப்போம்.

விசிறியடித்த சாயம் நுண்துளிகளாகத்தான் தகட்டில் விழுகிறது. துளிகள் ஒன்றோடொன்று கலந்து, பரப்பு இழுவிசையால் சமமாகப் பரவ வேண்டும். அதற்குச் சற்று நேரம் தேவை. நம் ஊர் வெயிலில் சாயத்தில் கலந்த கரைப்பான் விரைவாக ஆவியாகிவிடும். சாயம் கெட்டியாகி, பரவி முடிப்பதற்குள் அப்படியே உறைந்துவிடும். அதனால்தான் வெப்ப நாடுகளில் மெதுவாக ஆவியாகும் கரைப்பானைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த மேடு பள்ளங்கள் மில்லிமீட்டர் கணக்கில் அகலமானவை. ஒவ்வொரு மேட்டின் தோலும் வழவழப்பாகவே இருக்கிறது. ஆகவே ஒளி ஒழுங்காகப் பிரதிபலிக்கிறது. ஆனால் ஒவ்வொரு மேடும் குட்டிக் குவியாடிபோல ஒளியை வேறு திசைக்கு அனுப்புகிறது. பளபளப்பு உண்டு, தெளிவான பிம்பம் இல்லை. மெழுகு தடவினாலும் இது மாறாது. மேட்டை வெட்டி எடுத்தே ஆக வேண்டும்.

வெட்டுவது உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் சிலிக்கான் கார்பைடு துகள்கள். தாளின் எண் கூடக் கூடத் துகள் சிறுக்கும். 2000 எண் தாளில் ஒரு துகள் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர், அதாவது 10,000 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர்தான். ஒளிக்கு முன்னால் அந்தத் துகள் ஒரு பாறாங்கல். அது விட்டுச்செல்லும் கீறல்களில் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. அதுதான் அந்தச் சாம்பல் மங்கல்.

தேய்க்கும்போது விரலால் அழுத்தக்கூடாது. விரல் நுனியில் பரப்பு குறைவு, அழுத்தம் அதிகம். அங்கே மட்டும் குழி விழும். தாளை ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்த்தால் மேடுகள் மட்டும் வெட்டுப்படும். பள்ளங்கள் தப்பிவிடும். அவை மங்கிய பரப்பின் நடுவே பளிச்சென்று புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் மறைந்தால் பரப்பு சமமாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த எண் தாளுக்குப் போகும்போது தேய்க்கும் திசையை மாற்றுவார்கள். பழைய கீறல் மிச்சமிருந்தால் குறுக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் எதற்கு? வெட்டுண்ட சாயத்தூள் துகள்களுக்கு இடையே அடைத்துக்கொள்ளாமல் அது கழுவிச் செல்கிறது; உராய்வையும் சூட்டையும் குறைக்கிறது. தூசு காற்றில் பறப்பதையும் தடுக்கிறது. அக்காலச் சாயங்கள் பலவற்றில் ஈயம் இருந்ததால் இது சின்ன விஷயம் அல்ல. பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடித்த, தண்ணீரில் கரையாத உப்புத்தாளை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1921இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. (அந்தத் தாளைச் சோதிக்கக் கார்ப் பட்டறைகளுக்குப் போய்வந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், இரு வண்ணச் சாயம் அடிப்பவர்கள் படும் பாட்டைக் கண்டு, 1925இல் சாயம் அடிப்போருக்கான ஒட்டுநாடாவை உருவாக்கினார். ஒரு கண்டுபிடிப்பு இன்னொன்றுக்கு வழிவிட்ட கதை அது.)

அடுத்து மெருகுப் பசை. இதிலும் வெட்டும் துகள்கள்தான். இன்னும் மிக நுண்ணியவை. பஞ்சுத் திண்டு பொருத்திய இயந்திரத்தால் தேய்க்கும்போது பெரிய கீறல்கள் போய், மிகச் சிறிய கீறல்கள் வருகின்றன. கீறலின் ஆழம் ஒளியின் அலைநீளத்தைவிட வெகுவாகக் குறைந்துவிட்டால், ஒளியைப் பொறுத்தவரை அங்கே கீறலே இல்லை. குழல்விளக்கு இப்போது நேர்க்கோடாகத் தெரியும். பளபளப்பை யாரும் மேலே பூசவில்லை என்பதைக் கவனியுங்கள். முழுக்க முழுக்க வெட்டி எடுத்ததால் வந்தது.

ஆபத்தும் அங்கேதான். காப்புப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு தலைமுடி அளவுகூட இராது. 50 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். அதில் 15 போனால் மிச்சம் 35. சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக் கீழேயுள்ள நிறத்தைக் காப்பது அந்த மிச்சம்தான். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது. நாலு தேய்ப்பில் அடிச்சாயம் எட்டிப் பார்த்துவிடும். பிறகு மீண்டும் சாயம் அடிக்க வேண்டியதுதான். ஆகவே நல்ல கைவினைஞர் தடிமன்மானி வைத்து அளந்து அளந்து தேய்ப்பார், விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்வார். ஆழமான ஒரு பள்ளத்துக்காகப் பூச்சு முழுவதையும் பலிகொடுக்காமல் அதை அப்படியே விட்டுவிடுவார். அப்படி விடத் தெரிவதைத்தான் நான் பெரிய திறமை என்பேன்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய ஒளிபுகும் பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை 2000 எண் தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மங்கிவிடும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அந்த இடம் மட்டும் உடனே தெளிவாகும். பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. கீறல்களில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்பியதும் வேறுபாடு குறைகிறது, சிதறலும் குறைகிறது. ஈரமான காரைப் பார்த்து வேலை முடிந்துவிட்டது என்று நம்பக்கூடாது என்பது இதனால்தான். துடைத்துக் காயவைத்துத்தான் பார்க்க வேண்டும். அடிக்கோலும் காய்ந்ததும் மறுபடி மங்கும். பிறகு பற்பசையை மென்துணியில் எடுத்துப் பத்து நிமிடம் தேயுங்கள். பற்பசையிலும் நுண்துகள்கள் உண்டு. கழுவி, நன்றாகத் துடைத்து, கீழே இந்தப் பக்கத்தை வைத்துப் படித்துப் பாருங்கள்.