ஜூனியர் கைக்குப் போகும் ப்ராஜெக்ட்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கல்லூரி சர்வருக்காக மாணவர்களே எழுதப்போகும் ப்ராஜெக்டுகளின் பட்டியல் கிடைத்தது. வருகைப்பதிவு, மெஸ் கணக்கு, நூலகத் தேடல், லேப் முன்பதிவு, தேர்வு முடிவு என்று ஒன்றையும் நீ விடவில்லை. ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் எதை முதலில் தொடுவது, எதை யாரிடம் கொடுப்பது என்று ஒரு வரிகூட இல்லையே! திட்டத்துக்கு உயிரே அந்த வரிதான்.

மாணவர்களை நம்பிக் கல்லூரிக் கணினியையே ஒப்படைத்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் குர்ட்ஸ் என்று இரண்டு கணிதப் பேராசிரியர்கள் இருந்தார்கள். இலக்கியம் படிக்கிற பிள்ளைகூடக் கணினியில் வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் கனவு. அந்தக் காலத்தில் நிரலைத் துளை அட்டைகளில் குத்திக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். அதை மாற்ற, ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை உருவாக்க முடிவு செய்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் அழைத்தது இளநிலை மாணவர்களை. 1964 மே 1 விடியற்காலை 4 மணி வாக்கில், பேசிக் என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல்கள் அந்த முறையில் முதன்முதலாக ஓடின.

அது எப்படிச் சாத்தியமானது என்பதைக் கவனி. அங்கே இருந்தவை இரண்டு இயந்திரங்கள். டெலிடைப் என்ற தட்டச்சுக் கருவியில் தட்டப்படும் வரிகளை வாங்கிச் சேர்ப்பது டேட்டாநெட்-30. கணக்கைப் போடுவது ஜிஇ-225. ஒருவர் யோசித்து யோசித்துத் தட்டிக்கொண்டிருக்கும்வரை பெரிய கணினிக்கு அவரால் தொல்லை இல்லை. அவர் 'ரன்' என்று அடித்த பிறகுதான் வேலை அங்கே போகும். இந்த இரண்டு இயந்திரங்களுக்குமான இயக்க நிரல்களை எழுதியவர்கள் மைக்கேல் புஷ், ஜான் மெகீச்சி என்ற மாணவர்கள். எந்த வேலை எந்தப் பக்கம் என்ற எல்லை தெளிவாக இருந்ததால்தான் சிலரே சேர்ந்து சில மாதங்களில் முடிக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

பயன்படுத்துகிறவரை அவர்கள் மறக்கவும் இல்லை. 30 என்று எண்ணிட்ட வரியில் பிழையா? மறுபடி 30 என்று போட்டுச் சரியான வரியை அடித்தால் போதும், பழையது போய்விடும். முதல்முறை உட்காருகிறவருக்கும் இது புரியும்.

இனி உன் பட்டியல். லேப் முன்பதிவில் தொடங்கு. தவறு நேர்ந்தால் ஒருவர் அரை மணி நேரம் காத்திருப்பார், அவ்வளவுதான். தேர்வு முடிவை இந்த வருடம் தொடவே வேண்டாம். அதில் ஒரு சின்னப் பிழைகூட ஒரு மாணவரை அழவைத்துவிடும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ப்ராஜெக்டும் தனக்கென்று ஒரு பாஸ்வேர்டு பட்டியல் வைத்துக்கொள்ள விடாதே. அமெரிக்காவின் எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்திலும் அடையாளம் காணும் சிக்கல் வந்தது. வளாகம் முழுக்கக் கணினிகள், யார் யார் என்று எப்படி நம்புவது? அதற்குப் பிறந்ததுதான் கெர்பரோஸ் என்ற முறை. அடையாளத்தைச் சோதிப்பது ஒரே இடம். மற்ற சேவைகள் அது தரும், குறிப்பிட்ட நேரத்தில் காலாவதியாகும் சீட்டைப் பார்த்து உள்ளே விடும். பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் பயணிப்பதே இல்லை. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாமல் போகலாம். ஆனால் லாகின் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். அதை எழுதுகிற குழு வேறு எதையும் எழுதக் கூடாது.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. எழுதியவர் படிப்பு முடிந்து போய்விடுவார். சர்வர் அங்கேயே இருக்கும். இறுதியாண்டு மாணவர் தனியாக எழுதித் தருகிறேன் என்றால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒப்புக்கொள்ளாதே. பக்கத்தில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரை உட்காரவை. செமஸ்டர் முடிவதற்கு முன் ஒரு காலி கணினியைக் கொடுத்து, எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து அந்த ஜூனியர் எல்லாவற்றையும் நிறுவட்டும், பேக்கப்பிலிருந்து தரவை மீட்கட்டும். சீனியர் அருகில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஜூனியர் எங்கே திணறுகிறாரோ அங்கே குறிப்பில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

லேப் முன்பதிவுக்கு மட்டும் ஒரு பக்கத் திட்டம் எழுதி அனுப்பு. ஒவ்வொரு சீனியர் பெயருக்கு எதிரிலும் ஒரு ஜூனியர் பெயர் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்